சூட்டுப் பால்

அந்த மஞ்சச் சட்டைய திரும்பவும் வெளிய எடுக்காதீங்க மதினி. நான் வைக்க வைக்க நீங்க எடுத்து எடுத்து கட்டில்ல போட்டா இந்தப் பெட்டி எப்பதான் நெறையும்? பிள்ள துணி பூராவும் பெட்டிக்குள்ளதான் போகுது. பிள்ளயும் என்கூடத்தான் வாரான். ஆமா, உங்க தம்பி வேலை பாக்குத ஓசூருக்குத்தான். இன்னைக்கு ராத்திரி பெங்களூர் பஸ்ஸுலதான். நேத்து ராத்திரி நீங்களும் உங்க தம்பியும் முன்வாசல் தார்சாவுல உக்காந்து என்ன முடிவு எடுத்தீங்களோ, அந்த முடிவுல நான் இல்ல. பெத்தவ உள்ள கட்டில்ல கெடக்கா, அவளையும் ஒரு வார்த்த கேப்போம்னு ரெண்டு பேருக்கும் தோணல.

சத்தம் போடலையே. என் சத்தமே இம்புட்டுதான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும். நான் வந்த நாள்லருந்து இந்த வீட்டுல உங்க சத்தம்தான் கேட்டுக்கிட்டு இருக்கு, ஒரு நாளைக்கு என் சத்தம் கேட்டா ஓடு பறந்துராது. உங்க தம்பியும் உங்க வீட்டுக்காரரு சத்தியநேசன் அண்ணனும் அல்வா வாங்க டவுணுக்குப் போயிருக்காவ. அண்ணன் கூடப் போனா அந்தக் கடையா இந்தக் கடையான்னு ரதவீதி பூரா சுத்தி, வரும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆயிரும். அதுவரைக்கும் நீங்களும் நானும்தான். பிள்ள உங்க மடியிலயே தூங்கட்டும். நான் ஒண்ணும் புடுங்க வரல. உக்காருங்க.

என்னது, என் உடம்பா? அதப் பத்தித்தான் பேசப் போறீங்களா? பேசுங்க, பேசுங்க. இந்த வீட்டுல அடுப்பு எரியாத நாள்கூட இருந்திருக்கும், என் உடம்பப் பத்திப் பேசாத நாள் இருந்ததா? மொதல்ல நான் தடிச்சி. இப்ப எலும்பி. நேத்து ராத்திரி நீங்க சொன்னது அம்புட்டும் எனக்குக் கேட்டுச்சு. ஏலே எபி, அவளப் பாருலே, ஊதுனா விழுந்துருவா போல இருக்கா, இந்த உடம்ப வச்சுக்கிட்டு தெரியாத ஊர்ல பள்ளிக்கூட வேலைக்கும் போயி கைப்பிள்ளயயும் எப்படிப் பாப்பா, ரூபன் என்கிட்டயே இருக்கட்டும், அவன பள்ளிக்கூடத்துல சேக்குத வயசுல வந்து கூட்டிட்டுப் போங்கன்னீங்க. உங்க தம்பியும், நீ சொன்னாச் சரிதான் அக்கான்னாவ. ஊதுனா விழுவேனாம். என்னைய இப்படி ஆக்குனது யாரு மதினி? நானா பட்டினி கெடந்தேன்?

எங்கம்மா உசுரோட இருந்திருந்தா இங்கன நான் பிள்ள பெத்திருக்கவே மாட்டேன். தலப்பிரசவத்த புருசனோட அக்கா வீட்டுல பாத்தவ நம்ம சபையில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எங்கப்பா ராதாபுரத்துல ஒத்தையில பொங்கித் திங்காரு, அவரா எனக்கு வயித்தக் கட்டி விடுவாரு? நீங்க வந்தீங்க. நான் பாக்கேன், பாளையங்கோட்டைக்கு வாட்டின்னு கூட்டிட்டு வந்தீங்க. பாத்தீங்க, இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிரும். இசக்கியம்மாவ வரவழைச்சு எனக்கும் பிள்ளைக்கும் இலை போட்டுக் காய்ச்சுன வேதுத் தண்ணி ஊத்த வச்சீங்க. பழைய வேட்டியக் கிழிச்சு, மூச்சு முட்டுத மாதிரி வயித்த இறுக்கிக் கட்டுனீங்க. காலம்பற உளுந்தங்களி, நடுவுல குழி பறிச்சு நல்லெண்ணெய், தொட்டுக்கிட கருப்பட்டி. மத்தியானம் பால்சுறாப் புட்டு. ராத்திரி பால்ல வெந்த பூண்டு. போதும் மதினின்னா விடுவீங்களா? ஏட்டி, நீ திங்கது உனக்கில்ல, பிள்ளைக்குன்னு உருட்டி வாயில வைப்பீங்க. எங்கம்மா செத்ததுக்குப் பொறவு என் வாயில சோறு வச்சது நீங்க ஒருத்திதான். அத நெனச்சு நெனச்சுத்தான் தின்னேன். கண்ணாடியில பாத்தா கன்னமும் கழுத்தும் ஒண்ணாயி, எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. அதுக்காக நான் வெக்கப்படல. பிள்ள குடிச்சான், நான் தின்னேன். சந்தோசமா இருந்தேன் மதினி, அந்த நாள்ல.

எல்லாம் ஞானஸ்நானம் வரைக்கும்தான். கல்யாணப் பட்டுச் சீலையத்தான் கட்டணும், நம்ம வீட்டுல அதான் வழக்கம்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? ரவிக்கைச் சட்டை பூட்டாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். உள் தையலப் பிரிச்சு விட்டா எல்லாம் பூட்டும்னு நீங்களே உக்காந்து பிரிச்சீங்க. பூட்டுச்சு, மூச்சு விட முடியல, அவ்வளவுதான். கோயில்ல பிள்ள உங்க கையில. நீங்கதான ஞானத்தாய். சபை ஐயர் பேரு கேட்டாரு, ரூபன்னு கணீர்னு சொன்னீங்க. தண்ணி தலையில பட்டதும் அவன் வீருன்னு கத்துனான். தாங்க மதினின்னு கைய நீட்டுனேன். சட்டை கக்கத்துல டர்ருன்னு கிழிஞ்சுது பாருங்க, பாடுத பிள்ளைங்க இருந்த வரிசை வரைக்கும் கேட்டுச்சு. ஒருத்தி சிரிச்சா, பொறவு எல்லாவளும் சிரிச்சாளுவ.

நீங்க அப்ப பிள்ளயத் தந்திருக்கலாம்லா? தந்திருந்தா அவன வச்சு மறைச்சுக்கிட்டு எடத்துல போயி உக்காந்திருப்பேன். தரல. முந்தானைய இழுத்து மூடிக்கிட்டுப் போயி உக்காருட்டின்னு சொன்னீங்க. நான் வெறுங்கையோட வந்து உக்காந்தேன். வெளிய வந்தா, பெண்கள் சங்கத்துக்காரிங்க அம்புட்டுப் பேரையும் நிப்பாட்டி வச்சு, இவள எப்படியாச்சும் எறக்கணும், இல்லன்னா புருசன் பயந்து ஓசூர்லருந்து வரவே மாட்டான்னு சொன்னீங்க. எறக்கணுமாம்! நான் என்ன லாரியில ஏத்துன மூட்டையா? உங்க தம்பியும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னாவ. அந்தப் பல்ல நான் இன்னும் மறக்கல. அதுக்கு ஓசூர்ல போயி வச்சிருக்கேன் அவுகளுக்கு.

சிரிக்காதீங்க. நான் சிரிப்புக் காட்டல.

மறுநாள் காலம்பற அடுக்களைக்கு வந்தா உளுந்து டப்பா பரணுக்கு ஏறிப் போச்சு. கொள்ளு எறங்கி இருக்கு. கொள்ளுக் கஞ்சி, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், ஜட்கா வண்டிக் குதிரை கூட அம்புட்டு கொள்ளு தின்னுருக்காது. வெறும் வயித்துல வாழத்தண்டுச் சாறு. ராத்திரிக்குச் சோறு கெடையாது, ரெண்டு இட்லி, அதுவும் நீங்க எடுத்து வச்சாத்தான். ஊட்டுன கையிதான் தட்டையும் புடுங்குச்சு. டிவியில ஒரு வெள்ளக்காரி பெல்ட்டக் கட்டிக்கிட்டு வயித்த ஆட்டுவால்லா, அத வாங்கித் தாங்கன்னு அண்ணன்கிட்ட நச்சரிச்சீங்க. அவரு பேப்பர்லருந்து தலையத் தூக்காம ம்னு சொன்னாரு. அவரு ம்னு சொன்னா அந்தக் காரியம் நடக்காதுன்னு இந்த வீட்டுக்கே தெரியும். அந்த மட்டுக்கும் தப்பிச்சேன்.

பொறவுதான் நடை. சாயங்காலம் ஆனா போதும், வாசல்ல என் செருப்ப எடுத்து வச்சிருவீங்க. மொதல்ல தெருவ மட்டும் சுத்திட்டு வான்னீங்க. அடுத்த வாரம் மைதானம். பொறவு சமாதானபுரம் வரைக்கும், அது போதாதுன்னு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. கோயில் மணி அடிக்கதுக்கு முன்னால வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறுனா, ஏன்ட்டி அதுக்குள்ள வந்துட்ட, கள்ளத்தனம் பண்ணுதியான்னு கேப்பீங்க. மைதானத்துல பந்து அடிக்குத பயலுவ என்னயப் பாத்து ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிடுவானுவ. நம்ம சபைக்காரவ எதிர வந்தா, என்ன பெர்சிஸ் எறங்கிருச்சா எறங்கிருச்சான்னு விசாரிப்பாவ. உங்க புண்ணியத்துல பாளையங்கோட்டைக்கே என் எடை தெரியும்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனப்ப எடை பாக்குத மிஷின்ல ஏறி நின்னேன். லைட்டு பூராவும் சுத்துச்சு, அட்டை வந்து விழுந்துச்சு. எடையப் பாக்கல மதினி. பின்னால, உங்கள் இல்லத்தில் அமைதி நிலவும்னு போட்டிருந்துச்சு. நடு பஸ் ஸ்டாண்டுல ஒத்தையில நின்னு சிரிச்சேன். பாத்தவங்க கோட்டி புடிச்சவன்னு நெனச்சிருப்பாங்க.

நடக்கது கஷ்டமில்ல. நான் ராதாபுரத்துக்காரி, பனங்காட்டுக்குள்ள நடந்து பள்ளிக்கூடம் போனவ. கஷ்டம் என்னன்னா, எங்கயாவது எந்தப் பிள்ளையாவது அழும். எந்த வீட்டுப் பிள்ளயோ. கேட்டவுடனே எனக்கு நெஞ்சு கட்டி, சட்டை நனைஞ்சு போயிரும். ரோட்டுல முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, கைய நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டு ஓட்டமும் நடையுமா வருவேன். வந்து பிள்ளயத் தாங்க மதினின்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? சொல்லுங்க, நீங்க சொன்னதுதான. சூட்டுப் பால்ட்டி, நடந்து வந்த உடம்புப் பாலு நெருப்பு, அதக் குடிச்சா பிள்ளைக்கு வயித்தால போவும், பீச்சி எடுத்துட்டு, குளிச்சு, தல காஞ்சப்பொறவு குடுன்னு. நானும் பாத்திரம் கழுவுத அங்கணத்துல குனிஞ்சு நின்னு பீச்சி விட்டேன். என் பிள்ள குடிக்க வேண்டியத தண்ணியோட தண்ணியா சாக்கடைக்கு அனுப்புனேன். தல காயும்போது அவன் உங்க தோள்ல தூங்கிருப்பான். டப்பாப் பாலக் குடிச்சிட்டான், எழுப்பாதன்னு சொல்லுவீங்க.

அப்படித்தான் அவன் பைய பைய என்னைய விட்டுப் போனான். நான் தூக்குனா நெளியுதான். உங்களப் பாத்துக் கைய நீட்டுதான். பெத்தவகிட்ட இருந்து தாவிப் போற பிள்ளய நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன், தெனமும். உங்க மொகத்துல அப்ப ஒரு வெளிச்சம் வரும். அதையும் பாத்தேன். இருந்தாலும் என் உடம்பு நல்லதுக்குத்தான் மதினி இம்புட்டும் செய்யுதாங்கன்னு நெனச்சேன். நான் பி.எட். படிச்ச பொம்பள! என் புத்திய நானே செருப்பால அடிக்கணும்.

சரி, இப்ப எறங்கிட்டேன்லா? அந்தக் கல்யாணச் சட்டைய நேத்து போட்டுப் பாத்தேன், பூட்டுது, ரெண்டு விரல் போடலாம், அம்புட்டு லூசா இருக்கு. உங்க சந்தோசத்துக்குத்தான எறங்குனேன்? ஆனா நீங்க என்ன செஞ்சீங்க? தடிச்சியா இருந்தப்ப கோயில்ல நான் கைய நீட்டியும் பிள்ளயத் தரல. எறங்குனதும், பலமில்லாதவகிட்ட பிள்ளயக் குடுக்கக்கூடாதுன்னு நேத்து சொல்லுதீங்க. நான் எந்த எடையில இருந்தா மதினி என் பிள்ளய என்கிட்ட தருவீங்க? அந்த எடையச் சொல்லுங்க, ஏறியோ எறங்கியோ வந்து நிக்கேன்.

அந்த மஞ்சச் சட்டைய மடிச்சு மடிச்சுப் பிரிக்காதீங்க.

அது கூட நான் பொறுத்திருப்பேன். அந்தப் பூவத்தான் பொறுக்க முடியல. நேத்து ராத்திரி பேசி முடிச்சிட்டு உள்ள வந்து, வாழ இலையில மடிச்ச மல்லிகைப்பூவ என் தலகாணியில வச்சீங்க. எனக்கு அது வெளங்கவே இல்ல. இந்த வீட்டுல பூவே வாங்குதது இல்லையே, ஒருவேள ஊருக்குப் போறவ தலையில வைக்கட்டும்னு குடுக்காங்களோன்னு கையில எடுத்தேன். நீங்க வேற பக்கம் பாத்துக்கிட்டு, நெஞ்சுல வச்சுக் கட்டிக்கோ, ரெண்டு மூணு நாள்ல பால் வத்திரும், பஸ்ஸுல உனக்குக் கஷ்டம் இருக்காதுன்னு சொன்னீங்க. சொல்லிட்டு லைட்ட அணைச்சிட்டுப் போயிட்டீங்க. என் பக்கத்துல பிள்ள கெடக்கான் மதினி. கெடந்து கால ஆட்டிக்கிட்டு இருக்கான். அவன் சாப்பாட்ட கட்டி வத்த வைக்கதுக்கு நீங்க கடையில போயி நின்னு, முழம் போட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க. எனக்கு அப்ப உங்க மேல வந்தது கோவம்னு சொல்ல மாட்டேன். வெறுப்பு. நல்ல, கெட்டியான வெறுப்பு. இன்னும் இருக்கு.

இல்ல, கட்டல. கட்டுவேனா? காலம்பற இசக்கியம்மா பிள்ளயக் குளிப்பாட்ட வந்தால்லா, நீங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தப்ப. இந்தா நீ தலையில வச்சுக்கோன்னு அந்தப் பூவ அவகிட்ட நீட்டுனேன். அவ வாங்கல. பாம்பக் கண்ட மாதிரி ரெண்டு எட்டு பின்னால போனா. இந்த வீட்டுக்குள்ள மல்லிப்பூவா, யாரும்மா கொண்டு வந்தான்னு கேட்டா. மதினிதான்னேன். அவ அப்படியே அங்கணத்துத் திட்டுல உக்காந்துட்டா. உக்காந்து சொன்னா.

எல்லாம் சொன்னா. உங்களுக்குப் பிள்ள தங்கலன்னுதான் எனக்கு இத்தன நாளும் தெரியும். பத்து மாசமும் சுமந்து பெத்தீங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க தம்பி ஒரு வார்த்த சொன்னதில்ல. பொம்பளப் பிள்ளயாம்லா. மூச்சில்லாம வந்துச்சாம். அண்ணன் அத ஒரு துண்டுல சுத்திக் கொண்டு போயி கல்லறைத் தோட்டத்துல வச்சிட்டு வந்து, இந்தத் தார்சாவுல பேப்பரப் பிரிச்சு மொகத்துக்கு நேர வச்சவருதான், இன்னைக்கு வரைக்கும் எறக்கலன்னு சொன்னா. பிள்ள இல்லன்னு நெஞ்சுக்குத் தெரியுமா? மூணாம் நாள் பால் வந்து கட்டி, உங்களுக்குக் காய்ச்சல் கண்டுச்சாம். உங்கம்மா மல்லிப்பூவ வச்சு இறுக்கிக் கட்டுனாளாம். வேண்டாம், வத்த வைக்காதீங்க, இருக்கட்டும்னு நீங்க கத்துனீங்களாம். ரெண்டு பேரு உங்க கையப் புடிச்சுக்கிட்டாங்களாம். அதுல ஒருத்தி இசக்கியம்மா.

அழாதீங்க. அழுதா நான் எளகிருவேன்னு நெனைக்காதீங்க. பிள்ள முழிச்சிருவான்.

எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. அந்தக் கட்டு எப்படி இருக்கும்னு தெரிஞ்ச கையி, அதே பூவ எப்படி மதினி இன்னொருத்திக்குக் கொண்டு வந்து வச்சுது? உங்களுக்குச் செஞ்சத எனக்குச் செய்யலாம்னு தோணிச்சா? ஊர்ல இருக்க தண்டனையெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் கை மாத்தி விடுததா?

ஏன், இப்ப என்ன? ஆ, அத மட்டும் சொல்லாம விடுவீங்களா? பெத்துட்டாப் போதுமா, வத்திப் போன நெஞ்ச வச்சுக்கிட்டு, ராத்திரி பஸ்ஸுல அவன் அழுதா என்னத்தக் குடுப்பேன்னு கேக்கீங்க. கேளுங்க. மொதல்ல, எனக்கு வத்தல. ராத்திரி நீங்க கொறட்டை விடும்போது அவன் என்கிட்டதான் குடிக்கான், சூட்டுப் பாலும் குடிக்கான், அவன் வயித்துக்கு ஒண்ணும் ஆகல. அப்படியே வத்திப் போனாலும் என்ன? பால் இல்லாட்டியும் பிள்ள சப்பும் மதினி. சப்பிக்கிட்டே அழுகைய நிப்பாட்டிரும். அப்படியே தூங்கியும் போயிரும். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிரப் போறேன்?

ஏன் எந்திரிக்கீங்க? உக்காருங்க. பிள்ள தல தொங்குது பாருங்க, பைய.

ஐப்பசியில ஒரு நாள் மழை புடிச்சுதுல்லா. மைதானத்துக்குப் போனவ பாதியில திரும்பிட்டேன். வாசல் வழியா வந்தா, மணி அடிக்கல, அதுக்குள்ள ஏன் வந்தன்னு கேப்பீங்களேன்னு பயந்து, பின்னால முடுக்குச் சந்து வழியா வந்தேன். பிள்ள சத்தமே கேக்கல. இந்த ஜன்னல் தெறந்திருந்துச்சு. நீங்க இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தீங்க, செவத்துல சாஞ்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு. அவன் உங்க நெஞ்சுல இருந்தான். ஒரு கை உங்க தாலிச் செயினப் புடிச்சிருந்துச்சு. நீங்க எதையோ முணுமுணுன்னு பாடிக்கிட்டு இருந்தீங்க. டப்பாப் பால் இல்ல, பாட்டில் இல்ல. அன்னைக்குத்தான் எனக்கு கொள்ளும் நடையும் சூட்டுப் பாலும் எதுக்குன்னு வெளங்குச்சு.

இல்ல, யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அப்பவே அகமது மீரான் அண்ணாச்சி போன் பூத்துக்குப் போனேன், நனைஞ்ச சீலையோட. உங்க தம்பி கம்பெனி நம்பரச் சுத்துனேன். மணி அடிச்சுது, யாரோ எடுத்தாங்க. வச்சிட்டேன். என்னன்னு சொல்லுவேன்? எந்த வார்த்தைய வச்சு ஆம்பளைக்கு அதச் சொல்ல? பொறவு கோயில் மணி அடிக்க வரைக்கும் கடை ஓரத்துல நின்னுட்டு, எப்பவும் போல வாசல் வழியா வந்தேன். நீங்க தல தொவட்ட துண்டு தந்தீங்க. வாங்கித் தொவட்டுனேன்.

அன்னையிலருந்து நான் நடந்த நடை உங்களுக்குத் தெரியாது. ஐகிரவுண்டத் தாண்டிப் போனேன், பல்லக் கடிச்சுக்கிட்டு. உடம்பு எறங்குனது உங்க கொள்ளுல இல்ல மதினி. அந்தக் கோவத்துல. ஒவ்வொரு நாளும், இன்னைக்கு உள்ள போயி கேட்டுரணும், இன்னைக்குக் கேட்டுரணும்னு நெனச்சுக்கிட்டே நடந்தேன். திரும்பி வந்தா நீங்க அவனுக்கு மை வச்சுக்கிட்டு இருப்பீங்க. கேக்க முடியல. சோறு எறங்கல. அதத்தான் நீங்க, பாருட்டி, நான் சொன்னது பலிச்சிருச்சுன்னு சபை பூராவும் சொல்லிட்டு அலைஞ்சீங்க.

நேத்து அந்தப் பூவ வச்சீங்கல்லா, அப்ப முடிவு பண்ணுனேன். விடிஞ்சதும் உங்க தம்பிய எழுப்பி எல்லாத்தையும் கொட்டிரணும்னு. சொல்லிருப்பேன். இசக்கியம்மா மட்டும் காலம்பற வராம இருந்திருந்தா சொல்லிருப்பேன்.

இப்ப சொல்ல மாட்டேன். அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சுராதீங்க. மன்னிக்கவெல்லாம் இல்ல. சாக்கடைக்குப் போன பாலுக்கு யாரு கணக்குச் சொல்லுவா? ஆனா நீங்க ஒரு காரியம் செய்யணும். உங்க தம்பி வந்ததும் நீங்களே வாயத் தெறந்து சொல்லணும். ஏலே எபி, பிள்ள அவ கூடவே போகட்டும், நான் யோசிச்சுப் பாத்தேன்னு. நான் சொன்னா அவுக தலையச் சொறிவாவ. அக்கா சொன்னா அவுகளுக்கு வேதம். பஸ் ஏறுத வரைக்கும் அழக்கூடாது. அங்கன பஸ் ஸ்டாண்டுல வந்து பிள்ளயக் கட்டிப்புடிச்சு நாடகமும் வேண்டாம். சொல்லுவீங்களா? தலைய ஆட்டுனா போதும்.

ம்.

அந்த மஞ்சச் சட்டைய ஏன் கையிலயே வச்சிருக்கீங்க? உள்ள வையுங்க. ஆமா, அங்கனதான். ஓரத்துல அமுக்கி வையுங்க.

பெட்டிய மூடியாச்சு. மணி என்ன? அஞ்சு அடிக்கப் போகுதா? சரி, என் செருப்பு எங்கன கெடக்கு? நடக்கத்தான் போறேன், வேற எங்க? இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஏன் விடணும்? ஐகிரவுண்டு வரைக்கும் போவேன். கோயில் மணி அடிக்கதுக்கு முன்னால வர மாட்டேன். அவுகளும் அதுக்குப் பொறவுதான் வருவாவ.

அவன் இப்ப முழிச்சிருவான். முழிச்சா அழுவான். அந்த ஜன்னலச் சாத்திக்கிடுங்க மதினி. முடுக்குல ஆளு போகும் வரும்.